சமூகப்பணி படிக்கப் போகிறவர்களுக்கு: ஊரின் நேரத்துக்குப் போங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் என்னுடையது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேர்ந்து, சமூக மேம்பாட்டுப் பிரிவு எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும், "அதப் படிச்சா என்ன வேல கிடைக்கும்?" என்று அம்மா கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மகளிர் திட்டம், குழந்தைகள் பாதுகாப்பு, தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் நடக்கும் வேலைகள் என்று வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும், களப்பணியில் என்ன கற்றீர்கள் என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

அதனால் கல்லூரி தேடும்போதே களப்பணிக்கு எந்த ஊர்களுக்கு அனுப்புகிறார்கள், கூட வந்து வழிகாட்டுவது யார் என்று விசாரியுங்கள். கட்டடத்தைப் பார்த்துச் சேராதீர்கள். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இருக்கிறது. கிராமத்தை மையமாக வைத்தே வளர்ந்த நிறுவனம். முடிந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

நான் செய்த பெரிய தவறைச் சொல்கிறேன். இரண்டாம் பருவத்தில் பென்னாகரம் பக்கம் ஓர் ஊரில் பங்கேற்பு ஊரக மதிப்பீடு செய்யப் போனோம். ஊர் மக்களையே தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட வைக்கும் முறை அது. காலை பதினொரு மணிக்குக் கோயில் திண்ணையில் இருந்த ஏழெட்டுப் பெரியவர்களை உட்கார வைத்தோம். தெரு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் வந்தன. காலனித் தெருவின் அடிபம்பைக் 'குடிநீர்' என்று நீலப் பொடியில் குறித்தோம். அறிக்கையும் எழுதியாயிற்று.

எங்கள் வழிகாட்டி ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதைப் போட்டவங்கள்ல தண்ணி தூக்குறவங்க எத்தனை பேர்?"

ஒருவர்கூட இல்லை.

மறுபடி போனோம், இந்த முறை இரவு ஏழு மணிக்கு. மாட்டுக்குத் தீவனம் போட்டு, சொசைட்டியில் பால் ஊற்றி, அடுப்பு வேலை முடித்த பெண்கள் தெருவிளக்கடியில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் ஓர் அக்கா, "அந்தப் பம்புத் தண்ணி பாத்திரம் கழுவத்தான் கண்ணு. குடிச்சா புள்ளைங்களுக்குப் பல்லெல்லாம் காவி ஏறிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல்லில் காவி ஏற்றும் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் நான். பம்பை நேரில் பார்த்தபோது அது நினைவுக்கு வரவே இல்லை.

அன்றிரவே அவர்களோடு பருவகால நாட்காட்டியும் போட்டோம். புளி வேலை எந்த மாதம், மாங்காய் வேலை எந்த மாதம், ஆண்கள் எப்போது பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள் என்று கொட்டைகளை அடுக்கிக் காட்டினார்கள். பள்ளி திறக்கும் நேரத்தில்தான் வட்டிக்கு வாங்குவது அதிகம் என்றும் தெரிந்தது. மகளிர் சுய உதவிக் குழுக் கடன் எந்த மாதத்தில் கைக்கு வர வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பதிலை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

அப்புறம் தேர்வு. 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம், பஞ்சாயத்து ராஜ் முறையைப் பரிந்துரைத்த 1957 பல்வந்த்ராய் மேத்தா குழு, ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்த 73-வது திருத்தம் எல்லாம் கேட்பார்கள். படித்தே ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் ஊராட்சியைப் பற்றி நாலு வரி எழுதி வையுங்கள். கிராம சபைக்குப் போய்த் தீர்மானம் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை. அந்தக் காலத்தில் குழுவில் சேர்ந்த அம்மாக்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஆய்வேட்டுக்கு அருமையான தலைப்பு. அவர்களிடமே ரொக்கப் புத்தகம் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். கணக்கு தெரியாமல் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தால் வாய் திறக்க முடியாது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் களம் கிடைத்தால் கொஞ்சம் தெலுங்கும் கன்னடமும் பழகுங்கள். சரளமாக வர வேண்டியதில்லை, நலம் விசாரிக்கும் அளவு போதும்.

நாட்குறிப்பை அன்றன்றே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் அவர்கள் சொன்ன வார்த்தை போய், நம் வார்த்தை வந்துவிடும்.

இரவுக் கூட்டம் என்றால் பெண் பிள்ளைகளின் வீட்டில் பயப்படுவார்கள், அது நியாயம்தான். நாங்கள் கல்லூரியில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, இருவராகப் போய், அங்கன்வாடி அக்கா வீட்டில் தங்கினோம். காலை முதல் பஸ்ஸில் திரும்பினோம். இந்த ஏற்பாட்டைக் களத்துக்குப் போகும் முதல் வாரத்திலேயே செய்து வையுங்கள்.