மூச்சு எடுக்கும் இடம்

மார்ச் 4

ஸ்பீக்கரில் இன்னும் அந்த 'உம்' என்ற இரைச்சல். பாட்டு ஓடாதபோதுதான் தெரிகிறது.

மார்ச் 5

சிலேட்டில் எழுதிக் காட்டினால் அப்பத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. அது சொல்வது எனக்குக் கேட்கும், பதில் சொல்ல வழியில்லை. காலை முழுக்க இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். டாக்டர் உத்தரவு, கிசுகிசுவென்றுகூடப் பேசக் கூடாதாம், அது தொண்டையை இன்னும் இறுக்குமாம். செருமவும் கூடாது. பேசாமல் இருந்துவிடலாம், செருமாமல் இருப்பதுதான் பெரும்பாடு.

இரவு ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்'. நைன் இன்ச் நெயில்ஸின் டிரெண்ட் ரெஸ்னர் 1994-இல் எழுதிப் பாடியது அது, இளவயதுக்காரனின் வலி. கேஷின் பதிவு 2002-இல் வந்தபோது அவருக்கு வயது 70. அசலில் இருந்த ஒரு கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு முள்முடி என்று மாற்றிக்கொண்டார். வேறெதுவும் பெரிதாக மாற்றவில்லை. ஆனால் குரல் நடுங்குகிறது, வரி முடிவில் காற்று தீர்ந்துபோகிறது, அதை யாரும் சரிசெய்யவில்லை. எங்கள் கச்சேரிக் குழுவில் நான் இப்படிப் பாடினால் மிக்ஸர்காரர் எக்கோவை ஏற்றி மூடிவிடுவார். அடுத்த வருஷமே கேஷ் போய்விட்டார். அதைத் தெரிந்துகொண்டு கேட்பதால்தான் இப்படிக் கேட்கிறதா? இல்லை, தெரியாமல் முதல் தடவை கேட்டபோதும் இப்படித்தான் இருந்தது.

மார்ச் 6

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

மார்ச் 8

இன்று ஸ்பீக்கரை நகர்த்துவதிலேயே போனது. கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மச்சு. வெயிலுக்குச் சொர்க்கம், பாட்டுக்கு ஆகவே ஆகாது. கை தட்டினால் சத்தம் நாலாகத் திரும்பி வருகிறது. இந்த வீட்டைக் கட்டிய செட்டியார் நாதஸ்வரம் மட்டும்தான் கேட்டிருப்பார் போல.

பெரிய ஜமுக்காளத்தை விரித்தேன். ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு முன்னால் இழுத்து, நான் உட்காரும் நாற்காலியோடு சேர்த்து முக்கோணமாக வைத்தேன். பேஸ் கலங்கல் பாதி குறைந்தது. வலது பக்கம் ஒயர் எட்டவில்லை, அதனால் முக்கோணம் கொஞ்சம் நொண்டி.

அப்புறம் அரீதா ஃபிராங்க்ளின். இந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டாலும் உட்கார்ந்து கேட்க முடிவதில்லை. 'ரெஸ்பெக்ட்' 1965-இல் ஓடிஸ் ரெடிங் எழுதிப் பாடியது. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஆம்பளை, எனக்கு மரியாதை கொடு என்று கேட்கிற பாட்டு. 1967-இல் அரீதா அதையே பொம்பளை கேட்கிற பாட்டாகத் திருப்பிவிட்டார். அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்துப் பாடுகிறாரே, அது ஓடிஸ் பாட்டில் கிடையாது. பியானோவும் அவரே, பின்னால் சேர்ந்து பாடுவது அவருடைய அக்காவும் தங்கச்சியும். இடது ஸ்பீக்கர், வலது ஸ்பீக்கர் எல்லாம் மறந்து ஒரு வீட்டுக்குள் மூன்று பெண்கள் ஒருவனை நிற்க வைத்துக் கேட்பது போலவே இருக்கும். அதே வருஷம் மாண்டெரி இசை விழா மேடையில் ஓடிஸ், இது ஒரு பொண்ணு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போன பாட்டு என்று சொல்லிவிட்டுத்தான் பாடினார். பெரிய மனுஷன்.

எடுத்துக்கொண்டு போக வேண்டும். இருந்த இடத்திலேயே துடைத்து வைத்துவிட்டு வருவதற்குப் பாடகன் எதற்கு?

மார்ச் 9

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா. நம் குழு மேடையில், நான் திண்ணையில். புதுப் பையன் பாடுவது குழாய் ஸ்பீக்கர் வழியாக இங்கே வரை வந்தது.

"நல்லாத்தான் பாடுறான்" என்றாள் இவள். நான் சிலேட்டை எடுக்கவில்லை.

டி.எம்.எஸ். அழுத்தம், அந்த மூக்கோசை, எல்லாம் அச்சு அசல். ஆனால் மூச்சு எடுக்கும் இடம் டி.எம்.எஸ். எடுப்பது இல்லை, நான் எடுப்பது. பயல் என்னைக் கேட்டுத்தான் படித்திருக்கிறான். நகலுக்கு நகல். இந்த ஊரில் ஒரு பாடகனுக்குக் கிடைக்கிற ஒரே பாராட்டு "அப்படியே டி.எம்.எஸ். மாதிரி இருக்குண்ணே" என்பதுதான், மாதிரி இல்லாவிட்டால் கைதட்டலே விழாது. அதற்காக அவனைக் குறை சொல்லி என்ன?

டி.எம்.எஸ்.ஸே பாகவதர் சாயலில் தொடங்கியவர். 1950-இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் பாடியதைக் கேட்டால் தெரியும். அதிலிருந்து எப்போது வெளியே வந்தார், எந்தப் பாட்டில் வந்தார் என்று யோசித்தபடி கிடந்தேன். மூன்று மணி வரை கச்சேரி. ஒரு பாட்டையும் விடாமல் கேட்டேன். எரிச்சல்.

மார்ச் 10

போன் இல்லை. கேஷ் இரண்டு தடவை.

மார்ச் 11

"வீடு இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்று போனில் அவள் அக்காவிடம் சொல்கிறாள். சிரிக்கவும் கூடாது எனக்கு.

மார்ச் 12

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தான். கம்ப்யூட்டருக்கு ஒரு சுவரில் பிளக், ஆம்ப்ளிஃபயருக்கு எதிர்ச் சுவரில். "ரெண்டுக்கும் எர்த் வேற வேற வழில வருதுண்ணே, அதான் சுத்திக்கிட்டு உம்முங்குது" என்றான். இரண்டையும் ஒரே ஸ்பைக் பாக்ஸில் செருகினான். போயே போய்விட்டது. காசு வாங்க மாட்டேன் என்றான், கையில் திணித்தேன்.

மார்ச் 13

இரைச்சல் போன பிறகு முதலில் போட்டது ஜெஃப் பக்லி. 'ஹல்லேலூயா' கிடாரில் தொடங்குவதில்லை, மூச்சில் தொடங்குகிறது. ஒரு ஆள் மூச்சை வெளியே விடுகிறான். இத்தனை நாளும் அது 'உம்'முக்குள் அமுங்கிக் கிடந்திருக்கிறது. இன்று நாற்காலிக்கு எதிரே, ஒரு முழ தூரத்தில்.

அந்த மூச்சை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எடுக்கிற மூச்சு இல்லை அது, விடுகிற மூச்சு. பாடுவதற்கு முன் யாராவது காற்றை வெளியே விடுவார்களா? களைத்துப்போனவன்தான் விடுவான். பாட்டு லெனர்ட் கோஹனுடையது, 1984. பக்லிக்கு வழி காட்டியது 1991-இல் ஜான் கேல் பாடிய வடிவம். பக்லியின் பதிவு 1994. ஆக, இதுவும் நகலுக்கு நகல்தான். அந்தப் பயலிடம் சொன்னால் சந்தோஷப்படுவான். சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது.

அப்பத்தா வந்து ஸ்பீக்கர் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "யாருப்பா, உடம்புக்கு முடியாதவனா?" என்றது.

மார்ச் 14

போன் வந்தது. இவள்தான் பேசினாள். ரிப்போர்ட் வந்துவிட்டதாம், நேரில் வரச் சொன்னார்களாம். நேரில் எதற்கு? நல்லதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருக்கலாமே. இவள் கேட்டாளாம், டாக்டர்தான் சொல்வார் என்றுவிட்டார்களாம். கேட்ட விதம் சரியில்லை. நானாக இருந்தால் வேறு மாதிரி கேட்டிருப்பேன். அவர்கள் எல்லோரையுமே நேரில்தான் வரச் சொல்வார்கள் என்கிறாள். இருக்கலாம்.

அரீதா போட்டேன். பாதியில் நிறுத்தினேன்.

மார்ச் 15

நாளைக் காலை பஸ். திருப்பத்தூர், மேலூர் வழி.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாப் டிலன் எழுதிப் பாடி 1967 டிசம்பரில் வந்தது. ஹெண்ட்ரிக்ஸ் பதிவு மறு வருஷமே. பேஸ் கிடாரும் அவரே வாசித்திருக்கிறார், இன்றுதான் அது தனியாகக் கேட்டது. அதற்கப்புறம் டிலனே மேடையில் அதை ஹெண்ட்ரிக்ஸ் வழியில்தான் பாடினார். சத்தம் கூட்டி வைத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

மதுரையில் டவுன்ஹால் ரோட்டில் ஸ்பீக்கர் ஒயர் வாங்க வேண்டும். பத்து மீட்டர். கனமான ஒயராகப் பார்த்து.