நாளைக்கு என்ன பாடம்?

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் பள்ளிப் பார்வைக்குக் கிளம்பினேன். முதலில் போனது கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளி. இரண்டு ஆசிரியைகள், 37 பிள்ளைகள்.

சுற்றுச்சூழல் என்று வாயைத் திறந்ததுமே தலைமை ஆசிரியை பதிவேட்டை எடுத்து நீட்டினார். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் ஊர்வலம், மரக்கன்று, பதாகையோடு எடுத்த படம் எல்லாம் இருந்தன. "இதுக்கு மேல என்ன மேடம் செய்யச் சொல்றீங்க? பயிற்சி நூல் முடிக்கவே நாள் பத்தல."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பதிவேடு கேட்டுக் கேட்டுப் பழக்கியது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உதவியும் தர வட்டார வள மையத்திலிருந்து போகும் நாங்கள்தான். பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-ல். இத்தனை வருஷம் ஆகியும் பல பள்ளிகளில் அது ஒரு நாள் விழாவாகவே நிற்கிறது. ஆசிரியர் தலையில் இன்னொரு சுமையாக அதை ஏற்றினால் அங்கேயேதான் நிற்கும்.

அதனால் ஒன்று மட்டும் கேட்டேன்: "நாளைக்கு என்ன பாடம் டீச்சர்?"

ஐந்தாம் வகுப்புக்குப் பெருக்கல் என்றார். சரி, அதையே வைத்துக்கொள்வோம் என்றேன். கைகழுவும் இடத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

டீச்சர் போனில் கூப்பிட்டார். சொட்டும் குழாயின் கீழே 200 மில்லி டம்ளரை வைத்திருக்கிறார்கள். நிரம்பப் பத்து நிமிடம். மணிக்கு 1.2 லிட்டர், ஒரு நாளைக்கு 28.8 லிட்டர். புத்தகக் கணக்குக்குத் தலையைத் தொங்கப் போடுகிற பையன் ஒருவன் எழுந்து, "ஞாயித்துக்கிழமையும் சொட்டுமா டீச்சர்?" என்று கேட்டானாம். அடுத்தது வாரக் கணக்கு, மாதக் கணக்கு. கூடுதலாக ஒரு பாடவேளை கூட ஆகவில்லை.

சாயங்காலமே வாஷர் வாங்கிப் போட்டுவிட்டார்களாம்.

அக்டோபர் 16, புதன்

நேற்று ராத்திரி நல்ல மழை. மழைமானி செய்வதற்காகத் தண்ணீர் பாட்டிலை வெட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். அதன் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருந்ததால் அளவு சரியாக வரவில்லை. ஆனால் டீச்சர் தானாகவே வேறு மூன்று பாத்திரங்களையும் முற்றத்தில் வைத்திருந்தார்: ஒரு பால்பவுடர் டின், சத்துணவுக் கூடத்திலிருந்து மேல்மூடி வெட்டிய 15 கிலோ எண்ணெய் டின், ஒரு சில்வர் டம்ளர்.

எண்ணெய் டின்னில்தான் உயரம் அதிகம் இருக்கும் என்று வகுப்பே சத்தம் போட்டது. அளவுகோலை இறக்கினார்கள். எண்ணெய் டின்னில் 22 மில்லிமீட்டர். சின்ன டின்னிலும் 22. பிள்ளைகள் நம்பாமல் மறுபடி மறுபடி அளந்தார்கள். அப்புறம் டம்ளரை அளந்தால் 27!

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "இதுக்கு வாய் அகலம், அடி குறுகல். அதான் தண்ணி ஒசந்து நிக்குது" என்றாள். அந்த இடத்தில் நான் விளக்கம் சொல்லியிருந்தால் அவள் வாயிலிருந்து அது வந்திருக்காது.

வாசலில் பேரனை விட வந்த பாட்டி, "ஒரு உழவு மழை இருக்கும்த்தா" என்றார். டீச்சர் அதையும் கரும்பலகையில் 22-க்குப் பக்கத்தில் எழுதச் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அக்டோபர் 19, சனி

குறுவள மையக் கூட்டம்; பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் ஒன்றாகக் கூடுவது. அவரவர் திங்கட்கிழமைப் பாடத்தை மட்டும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். தமிழ்ப் பாடத்துக்கு ஒருவர் நல்ல யோசனை சொன்னார்: பேருந்து போகும் வழியில் உள்ள ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகள் எழுத வேண்டும். ஏந்தல், குளம், ஊருணி என்று முடிகிற பெயர்களைத் தனியே பிரித்து, அந்த நீர்நிலை இப்போது எப்படி இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும்.

பிஸ்கட் தாள்களை எண்ணிப் படவிளக்கம் வரையலாம் என்றார் இன்னொருவர். செய்யலாம், ஆனால் எது யார் போட்டது என்று பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்காக ஒரு பிள்ளை வகுப்பில் கூனிக் குறுகக் கூடாது.

அக்டோபர் 24, வியாழன்

மீண்டும் கண்மாய்க் கரைப் பள்ளி. இன்று பரப்பளவு பாடம். மொட்டைமாடிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று கட்டடத்தைத் தரையிலிருந்தே நாடாவால் அளந்தோம். நீளம் 18 மீட்டர், அகலம் 6. பரப்பு 108 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் அன்று பெய்த 22 மில்லிமீட்டருக்கு 2,376 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 158 குடம்.

எண்ணைச் சொன்னபோது பிள்ளைகளிடம் பெரிய சலனம் இல்லை. "உங்க அம்மா தள்ளுவண்டியில ஒரு நடைக்கு எத்தனை குடம் கொண்டு வருவாங்க?" என்று டீச்சர் கேட்டார். எட்டு. அப்படியென்றால் இருபது நடை! வகுப்பு அப்படியே அமைதியானது.

"அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு டீச்சர்?"

எல்லோரும் வெளியே போய்ப் பார்த்தோம். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் முழங்கைத் துண்டைக் காணோம். தண்ணீர் சுவரோரமாக ஓடித் தெருவுக்குப் போன தடம் இருந்தது. மழைநீர்த் தொட்டி முழுக்க மண். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். தலைமை ஆசிரியை மெதுவாகச் சொன்னார்: "வருஷா வருஷம் பதிவேட்டுல 'உள்ளது'ன்னு எழுதிட்டுத்தான் இருக்கேன் மேடம்."

பிள்ளைகளின் கணக்கைச் சார்ட்டில் எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கலாம் என்று முடிவானது.

அக்டோபர் 29, செவ்வாய்

குழு உறுப்பினர்களில் ஒரு அப்பா கொத்தனார். சார்ட்டை ஒருமுறை படித்துவிட்டு, மறுநாளே வந்து குழாயைப் பொருத்திக் கொடுத்தாராம். தொட்டியில் மண்ணை அள்ளிவிட்டுக் கூழாங்கல்லும் ஆற்று மணலும் போட வேண்டும். அந்த வேலை பாக்கி.

மத்தியானம் டீச்சர் பேசினார். காலையில் 9 மில்லிமீட்டர், 972 லிட்டர். நான்காம் வகுப்பும் சேர்ந்துகொண்டதாம். இப்போது அவர்களுக்கு ஒரே கவலை: தீபாவளி விடுமுறையில் மழை பெய்தால் டின்னை யார் அளப்பது? பள்ளிக்கு எதிர்வீட்டுப் பையனிடம் அளவுகோலைக் கொடுத்திருக்கிறார்கள்.