ஆரோடவுன்: இலை பார்க்க வந்த கூட்டமும் பத்துப் பவுண்டு வரியும்

நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன் அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் பர்ஸைத் திறந்தால் மூட விடாது. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு எடுத்த டாக்ஸியிலேயே ஆரம்பித்துவிட்டது. இரவு நேரத்துக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று ஏதேதோ கூட்டி ஓட்டுநர் ஒரு தொகை சொன்னார். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்த என் மனைவி விடுதி வரை பேசவே இல்லை. மலையிலிருந்து குதிக்கிற விளையாட்டெல்லாம் அதோடு ரத்து. இனிமேல் பஸ் மட்டும்தான் என்று முடிவாகி, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரோடவுனுக்குக் கிளம்பினோம். செலவுக் கணக்கு கடைசியில்.

ஏப்ரல் மாதம், இலையுதிர் காலம். பக்கிங்ஹாம் தெருவில் மஞ்சள் மரங்களுக்கு அடியில் கேமராவோடு ஒரே கூட்டம். அதே தெருவில் இருக்கிற லேக்ஸ் டிஸ்ட்ரிக்ட் மியூசியத்தில் ஆளே இல்லை. இலை அடுத்த வருஷமும் வரும், உள்ளே போங்கப்பா என்று கத்தலாம்போல இருந்தது. கட்டடம் 1875-இல் பேங்க் ஆஃப் நியூசிலாந்துக்காகக் கட்டியது. 1948-இல் தொடங்கிய மியூசியம் இது. கொல்லன் பட்டறை, அந்தக் காலத்துப் பள்ளிக்கூட அறை என்று குடியேறிகளின் வாழ்க்கையை அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆளுயரக் கண்ணாடிப் பெட்டியும் அலங்கார விளக்கும் உள்ள பெரிய மியூசியங்களில் எனக்குக் கால் வலிதான் மிஞ்சும். இங்கே அப்படி இல்லை.

ஊர் பிறந்த கதை நம்மூர்ப் பங்காளிச் சண்டைக்குக் குறைந்ததில்லை. 1862-இல் ஆரோ ஆற்றில் தங்கம் கிடைத்தது. வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் இடத்தைச் சொல்லாமல் கமுக்கமாக அள்ளிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். கொஞ்ச நாள் ஊருக்கே ‘ஃபாக்ஸஸ்’ என்றுதான் பேர். ஆனால் அவருக்கு முன்பே அங்கே தங்கத்தைக் கண்டவர் என்று சொல்லப்படுவது ஜாக் டேவா என்ற மாவோரி, அந்த நாட்டுப் பூர்வகுடி. ரீஸ் என்பவரின் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். ஊருக்கு யாருடைய பேரை வைத்தார்கள் பாருங்கள்.

எனக்கு மியூசியத்தைவிடப் பிடித்தது ஆற்றங்கரையில் இருக்கும் சீனர் குடியிருப்புதான். அதற்குக் கட்டணமும் இல்லை. நாட்டின் மேற்குக் கடலோரப் பகுதியில் புதுத் தங்கம் கிடைத்து வெள்ளைக்காரத் தொழிலாளிகள் அங்கே ஓடியதும், டனீடின் நகர வணிகர் சங்கம் சீனர்களை அழைத்தது. 1866-லிருந்து வந்தார்கள். மற்றவர்கள் விட்டுப்போன மண்ணையே மறுபடி அரித்தார்கள், காய்கறி போட்டு ஊருக்கு விற்றார்கள். குடிசைகளில் சில, பாறையையே பின்சுவராக வைத்துக் கட்டியவை. ஒன்றுக்குள் நுழைய நான் இடுப்பு வரை குனிந்தேன். உள்ளே ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் அடுத்தவர் வெளியேதான் நிற்க வேண்டும். ஆ லம் என்பவர் நடத்திய கடை மட்டும் கொஞ்சம் பெரியது. 1880-களில் எழும்பிய கட்டடம்.

வருந்தி அழைக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? 1881-இல் நாட்டுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுண்டு தலைவரி. 1896-இல் அது 100 பவுண்டு! சட்டத்தை நீக்கியது 1944-இல், அரசு மன்னிப்புக் கேட்டது 2002-இல். டாக்ஸிக்காரர் மேலிருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது. அவராவது வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி வாங்குகிறார்.

குடிசைகளைப் பார்த்த பிறகு நல்ல பசி. ஒரு பேக்கரியில் மான்கறி பை சாப்பிட்டோம். நம்ம மட்டன் பப்ஸுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிளகு தூக்கல், மேலோடு மொறுமொறு, உள்ளே குழம்பு கொதிக்கிறது. மூன்றாவது பையை யார் வாங்குவது என்று எனக்கும் கூட வந்த தம்பிக்கும் தகராறே வந்தது.

சரி, செலவுக் கணக்கு. பஸ்ஸுக்கு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், கட்டணம் மிச்சமாகும். மியூசியத்துக்குக் காசு உண்டு, கொடுக்கலாம், தப்பில்லை. முதலில் அதைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனால் குடிசைகள் நன்றாகப் புரியும். தங்கம் அரிக்கும் தட்டு வாடகைக்குக் கிடைக்கிறது. தம்பி ஆசைப்பட்டு எடுத்தான். சில்லென்ற ஆற்றுத் தண்ணீரில் விரல் மரத்ததுதான் மிச்சம், அந்த வாடகைக்கு இன்னொரு பை வந்திருக்கும்.