லூயிஸ் தீவில் பீட் வெட்டிப் பார்த்தோம்: மே முதல் அக்டோபர் வரை

என் மனைவியின் பாட்டி வீடு ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், மேற்குக் கரையில் இருக்கிறது. கதவைத் திறந்தால் பாறை, அதைத் தாண்டினால் அட்லாண்டிக். மரம் என்று காட்ட அக்கம்பக்கத்தில் ஒன்றும் கிடையாது. அதனால் காலங்காலமாக இங்கே அடுப்பெரித்தது பீட்தான். சதுப்பில் பாசியும் புல்லும் பாதி மக்கிச் சேர்ந்த கறுப்பு மண் அது. வெட்டிக் காயவைத்தால் எரியும். பாட்டி கடைசிக் காலத்தில் எண்ணெய்க்கு மாறிவிட, குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட வெட்டுமேடு புல் மண்டிக் கிடந்தது. இப்போது விடுமுறைக்கு மட்டும் போகிற வீடு. இந்த வருடம் நாமே வெட்டினால் என்ன என்று தோன்றியது.

மே, முதல் வார இறுதி. ஸ்காட்லாந்துப் பெருநிலக் கரையில் உள்ள உல்லாபூலில் கப்பல் ஏறினால், லூயிஸின் துறைமுகமான ஸ்டோர்னோவே போய்ச் சேரச் சுமார் இரண்டரை மணி நேரம். மூன்று நாள் விடுமுறை என்று கணக்குப் போட்டுத்தான் போனோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று இங்கே பல வீடுகளில் கொடியில் துணிகூடக் காயப்போட மாட்டார்கள். நாங்கள் மட்டும் மண்வெட்டியோடு நின்றால் நன்றாகவா இருக்கும்? ஒரு நாள் போயிற்று.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பீட் வெட்டும் தன் தர்ஷ்கெரைக் கொடுத்தார். நீளமான மரப்பிடி, கால் வைத்து அழுத்த ஒரு கட்டை, அடியில் செங்கோணமாக வளைந்த இரும்பு அலகு. ஓர் அழுத்தில் இரண்டு பக்கம் வெட்டும். முதலில் மேல்புல்லைப் பாளம் பாளமாகச் சீவி, பழைய குழியில் புல் மேலே பார்க்கும்படி பரப்பச் சொன்னார். அப்போதுதான் தரை மறுபடி பிடிக்குமாம். சீவுவதற்கே அரை நாள் ஆயிற்று.

அப்புறம் வெட்டு. நான் மேட்டில் நின்று வெட்ட, மனைவி குழிக்குள் நின்று ஏந்தி வெளியே எறிய வேண்டும். ஈர பீட் கையில் அல்வா மாதிரி வழுக்கும். இறுக்கிப் பிடித்தால் விரல் உள்ளே போய்விடும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே! ஆசையில் நான் தடிமனாக வெட்டிக்கொண்டே போனேன். "அப்பா, அந்தத் தாத்தா சிரிக்கிறார்" என்றாள் மகள். முந்நூறு துண்டு சேர்ந்ததும் நிறுத்தினோம். பீட் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பது நினைவுக்கு வந்தால் கை தானாகவே தயங்குகிறது. ஓர் அடுப்புக்கு மட்டும் என்று முடிவு.

கோட்டை விட்டது இதற்குப் பிறகுதான். இரண்டு மூன்று வாரத்தில் மேல்தோல் காய்ந்ததும் துண்டுகளைத் தூக்கி, மூன்று நான்காகச் சாய்த்து நிறுத்தி, காற்றுக்கு வழிவிட வேண்டும். நாங்களோ பள்ளி விடுமுறை விட்ட பிறகு, ஜூன் கடைசியில்தான் வந்தோம். மேல்பக்கம் செருப்புத் தோல் போலக் காய்ந்திருந்தது, அடிப்பக்கம் புல்லோடு ஒட்டிக் கொழகொழவென்று இருந்தது. தடிமனாக வெட்டியதெல்லாம் தூக்கும்போதே பிளந்தது. இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கிறதே என்று வேலையைத் தொடர்ந்தால், காற்று அடங்கியதும் மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத கொசு காதுக்குள்வரை வந்தது. தப்பியவற்றை நிறுத்திவிட்டு ஓடினோம்.

ஆகஸ்டில் மூட்டை கட்டியபோது தேறியது பாதிக்குக் கொஞ்சம் மேல். எல்லாம் சுருங்கிக் கல்லாகியிருந்தன.

அக்டோபரில் அடுப்பு மூட்டினோம். மேலடுக்கிலிருந்து வந்த பழுப்பு, நார் நாரான பீட் சட்டென்று பிடித்துச் சீக்கிரம் சாம்பலாயிற்று. அடியிலிருந்து வந்த கறுப்பு பீட் பிடிக்க அடம் பிடித்தாலும், பிடித்த பிறகு நின்று எரிந்தது. ராத்திரி தணலைச் சாம்பலால் மூடி வைத்தால் காலையில் அதிலிருந்தே மூட்டலாம் என்பார்கள். முதல் ராத்திரி நான் மூடிய மூடலில் தீ செத்தே போனது. மறுநாள் ராத்திரி மனைவி மூடினாள். காலையில் கிளறினால் உள்ளே சிவப்பாக ஒரு கண்.

புகை வாசனை பிடித்துப் பெரியவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு இப்போது முதுகு வளைவதில்லை. வரும் மே மாதம் அவர் மேட்டையும் நாங்களே வெட்டிக் கொடுப்பது, பதிலுக்குச் சரியான வாரத்தில் அவர் பேரன் எங்களுடையதையும் தூக்கி நிறுத்துவது என்று பேசி முடித்திருக்கிறோம். மெல்லிசாக வெட்டு என்றார் என்னிடம்.