மீனே இல்லாத தொட்டிக்கு முன்னால் 9 வாரம்

மீனும் பவளமும் வளர்க்க ஒரு கடல் தொட்டி வைத்து, மார்ச் முதல் வாரத்தில் தண்ணீர் நிரப்பினேன். முதல் மீன் உள்ளே போனது மே மாதம். இடைப்பட்ட 9 வாரமும் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "மீன் எங்கே?" கல்லும் மணலும் மட்டும் கிடக்கிற தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனிடம் வேறு என்ன கேட்பார்கள்.

பத்து வருஷமாக நன்னீர் மீன் வளர்த்தவன் நான். சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கழிந்திருக்கும் என்று கணக்கே இல்லை. கப்பி, ஏஞ்சல், ஒரு காலத்தில் ஆஸ்கர். கடல் தொட்டி என்றால் அதே வேலைதான், கூடவே உப்பு என்று நினைத்திருந்தேன்.

தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அடியில் ஸ்டாண்டுக்குள் 40 லிட்டர் சம்ப். "சம்ப் வைக்கணும்" என்று நான் சொன்னபோது, அம்மா அடுக்குமாடிக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டு, "அதை ஏன்டா நீ வைக்கணும், அசோசியேஷன்ல சொல்லு" என்றார். பிறகு புரியவைத்தேன். மேல் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் கீழே இறங்கி, ஸ்கிம்மரில் அழுக்கு நுரையாகப் பிரிந்து, மோட்டார் வழியாக மறுபடியும் மேலே போகும். ஹீட்டர், மோட்டார் எல்லாம் கண்ணில் படாமல் கீழேயே இருந்துவிடும். தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 300 கிலோவுக்குப் பக்கத்தில் வருவதால், ஹாலின் நடுவில் வைக்கிற ஆசையை விட்டுவிட்டு பீம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தேன்.

அடுத்தது தண்ணீர். கடல் 6 கிலோமீட்டரில் இருக்கும்போது உப்புக்கு எதற்குக் காசு என்று தோன்றியது உண்மைதான். ஆனால் மெரினாவுக்கு ஒரு பக்கம் கூவம் கலக்கிறது, இன்னொரு பக்கம் அடையாறு. அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்துவந்து வளர்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. உப்பு வாங்கிக் கலக்குவது என்று முடிவு செய்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1100. சமையலறை ஆர்ஓவில் வருவது 60, 70. குடிக்க அது போதும், பவளத் தொட்டிக்குப் போதாது. அந்த மிச்சத்தில் இருக்கும் சிலிகேட்டும் நைட்ரேட்டும் பின்னால் பாசியாக முளைக்கும். அதனால் ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றை மாட்டினேன். மீட்டரில் 000 பார்த்ததும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு விலை, வெளியேறும் கழிவுத் தண்ணீர். ஒரு வாரம் எங்கள் வீட்டில் துணி துவைத்தது, பாத்ரூம் கழுவியது எல்லாம் அதில்தான்.

உப்பு ஏறக்குறைய 7 கிலோ பிடித்தது. லிட்டருக்கு 38 கிராம் கணக்கு. தண்ணீரை அலைபோல அசைக்கும் வேவ் மேக்கரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, அடுத்த நாள் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன்: அடர்த்தி 1.025, கடல் தண்ணீர் மாதிரி. அந்தக் கருவியை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்து நம்பிவிட வேண்டாம், 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவம் ஒரு சின்ன பாட்டிலில் கிடைக்கும், அதில் வைத்துச் சரிபாருங்கள்.

கல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் எல்லாரும் 'லைவ் ராக்' என்பார்கள். கடலில் கிடந்து, உள்ளே நுண்ணுயிர்கள் குடியேறிய கல். அதைப் போட்டால் பாதி வேலை அன்றைக்கே முடிந்தது. ஒரு கடையில் எனக்கும் அதைக் காட்டினார்கள். "நம்ம கடல் கல்லுதான் சார், யாருக்கும் தெரியாது." பார்த்தவுடனே தெரிந்தது, அது பவளத்தின் எலும்புக்கூடு. கல் பவளங்கள் எல்லாம் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. செத்த துண்டுக்கும் சேர்த்துத்தான். சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவே பவளத்தை வெட்டி வெட்டித் தீவுகளைக் கரைத்த கதை தெரிந்தவன் அந்தக் கல்லை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வான்? செயற்கையாகச் செய்த உலர்ந்த கல் 15 கிலோ வாங்கினேன். அதில் உயிர் என்று எதுவும் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து வளர்க்க வேண்டும்.

இதைத்தான் நைட்ரஜன் சைக்கிள், அதாவது சுழற்சி, என்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா, அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் போதுமான அளவு பெருகும்வரை மீன் விடக் கூடாது. ஆனால் அவை பெருகவும் சாப்பாடு வேண்டுமே? அதற்கு இறால்.

மீன்கடையில் வாங்கிய இறாலில் ஒன்றை எடுத்து, பழைய சாக்ஸில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். மற்றதெல்லாம் தொக்கு ஆயிற்று. நாலாம் நாள் ஹாலில் வாசனை கிளம்பியது. "ஏன்டா, நல்ல இறாலை இப்படி அழுக விட்டு மோந்து பார்க்கத்தான் இவ்வளவு செலவா?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை. பத்தாம் நாள் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) தொட்டதும் சாக்ஸை எடுத்துவிட்டேன். மறுபடி செய்தால் இறால் பக்கம் போக மாட்டேன். அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து சொட்டு விட்டால் நாற்றமும் இல்லை, கணக்கும் கையில் இருக்கும்.

பாட்டில் பாக்டீரியாவும் ஒன்று ஊற்றினேன். 16ஆம் நாள் நைட்ரைட் தெரிந்தது. 24ஆம் நாள் நைட்ரைட் டெஸ்ட் குழாய் கடும் ஊதா, டெஸ்ட் கிட்டின் நிற அட்டையில் அதற்கு மேல் நிறம் இல்லை. அப்புறம் இரண்டு வாரம் அசையவே இல்லை. தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதே டெஸ்ட்: ஐந்து மில்லி தண்ணீர், சில சொட்டு மருந்து, ஐந்து நிமிடம். குடும்பமே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

39ஆம் நாள் அம்மோனியா 0, நைட்ரைட் 0. குதிக்கப் போனவன் நைட்ரேட்டையும் பார்த்தேன். அதுவும் 0. போட்ட இறால் எங்கே போனது? அம்மோனியா மாயமாக மறைந்துவிடாது, நைட்ரேட்டாக இருந்தாக வேண்டும். அப்படியானால் முன்னால் பார்த்த அளவுகளும் பொய்யா? இரண்டு நாள் மண்டை குழம்பியது. கடைசியில் கிட்டோடு வந்த காகிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நைட்ரேட் டெஸ்டின் இரண்டாவது பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டுமாம். அதில் உள்ள பொடி அடியில் இறுகிக் கிடக்கும், குலுக்காமல் விட்டால் வெறும் திரவம்தான் சொட்டும். மேஜையில் ரெண்டு தட்டுத் தட்டிக் குலுக்கிப் பார்த்தேன். 40 பிபிஎம். அவ்வளவு அசுத்தம் தண்ணீரில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நைட்ரைட் ஏறி நிற்கிற நாட்களில் நைட்ரேட் டெஸ்ட் எப்படியும் கூட்டித்தான் காட்டும், அப்போது அதைப் பார்ப்பதே வீண் என்பதும் அதே வாரம் கற்றுக்கொண்டதுதான்.

உறுதி செய்ய மறுபடியும் 2 பிபிஎம் அம்மோனியா விட்டேன், இந்த முறை கரைசலாக. 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். பாதித் தண்ணீரை மாற்றினேன்.

அந்த வாரமே வெள்ளை மணல் மேல் காபித்தூள் தூவினாற்போல ஒரு படலம். டயாட்டம் என்கிற பழுப்புப் பாசி. புதுத் தொட்டிக்கு இது அம்மை போட்டாற்போல. வந்து, இருந்து, தானாகப் போகும். துடைக்கத் துடைக்க வந்ததால் விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் போயிற்று.

போகாதது வெயில். ஏப்ரல் கடைசியில் தொட்டி 31 டிகிரி. பாக்டீரியாவுக்கு அது பிரச்சினை இல்லை, பவளத்துக்குத்தான் பெரிய பிரச்சினை. 2016 கோடையில் கடல் சூடாகி மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளுத்தன. கடலுக்கே அந்தக் கதி என்றால் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு? முதலில் இரண்டு சின்ன ஃபேன் வைத்துப் பார்த்தேன். ஆவியாகும்போது சூடு இறங்கும் என்பது சரி, ஆனால் சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம். 2 டிகிரிக்கு மேல் இறங்கவில்லை, தினமும் 4 லிட்டர் தண்ணீர் காணாமல் போனது. காணாமல் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும் என்பதால் ஈடுகட்ட ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். இது தெரியாமல் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவர்கள் உண்டு. கடைசியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கினேன். மொத்தச் செலவில் தொட்டியைவிட அதுதான் அதிகம். இப்போது 26 டிகிரியில் நிற்கிறது, ஹால்தான் கொதிக்கிறது. மின்வெட்டுக்காக வேவ் மேக்கரை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறேன். தண்ணீர் அசைந்தால்தான் உள்ளே ஆக்சிஜன்.

மே மாதம் முதலில் ஐந்து நத்தைகள் வந்தன, ஒரு வாரம் கழித்து ஒரு ஜோடி நிமோ, அதாவது கோமாளி மீன். கடலில் பிடிக்காமல் பண்ணையில் பொரித்த மீன்களாகக் கேட்டு வாங்கினேன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் இந்த மீன்களை முட்டையிட வைத்துப் பொரிக்கும் முறையை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது, அப்புறம் கடலில் வலை போட என்ன அவசியம். நண்பர் தன் தொட்டியில் பெருகிய சோவாந்திட் (கல்லாக இறுகாத, பவளத்தின் உறவு உயிரி) துண்டு ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதைத் தொட கையுறை வேண்டும், சில வகைகளில் கொடிய விஷம் உண்டு. அளவுகள் இன்னும் ஒரு மாதம் ஆடாமல் நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

இப்போது சாயங்காலம் நீல விளக்கு எரிந்ததும் அந்த நாற்காலி எனக்குக் கிடைப்பதில்லை. நேற்று அம்மா அதில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். "நாலுதான்டா இருக்கு. ஒரு நத்தையைக் காணோம்." நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் குனிந்தேன். "அங்க ஏன் தேடற? மணலுக்குள்ள போயிருக்கும். ரெண்டு தீனி உருண்டை போடு, வரும்." போட்டேன். அரை நிமிடத்தில் மணலுக்குள்ளிருந்து ஒரு தும்பிக்கை நீண்டது.