நான்கு செயலி, ஒரு கோர், ஒரு டோக்கன்

பெங்களூர் அல்சூரில் என் அறையில் ஒரு பழைய இன்டெல் மடிக்கணினி இருக்கிறது. நான்கு கோர் (ஒரே சில்லில் நான்கு செயலிகள் என்று கொள்ளுங்கள்), லினக்ஸ், கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம். பல மெய்நிகர் செயலிகள் ஒரே கோரைப் பங்கிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கப் போய், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அது விழுங்கிவிட்டது.

கேவிஎம்மில் மெய்நிகர் செயலி தனிப் பிறவி அல்ல, ஹோஸ்ட்டில், அதாவது அசல் கணினியில், ஓடும் ஒரு திரெட் (நிரலின் ஓர் ஓட்ட இழை). 2007-ல் லினக்ஸ் 2.6.20 பதிப்பில் சேர்ந்தபோதே இப்படித்தான். கோரில் யார் எப்போது ஓடுவது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலருக்கு அதுவும் பிரவுசரும் ஒன்றே. நேரம் முடிந்தால் இரண்டையும் கோரிலிருந்து இறக்கிவிடும்.

முதல் வாரம், இரண்டு கெஸ்ட்டுகளை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஒரே கோரில் கட்டினேன். இரண்டிலும் டாப் கட்டளையின் 'எஸ்டி' எண் ஐம்பதை ஒட்டி நின்றது: ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் திருடுபோன நேரம், சதவீதத்தில். ஒன்றின் முன்னுரிமையைக் குறைக்க நைஸ் மதிப்பு 5 கொடுத்தேன், எதுவும் அசையவில்லை. தனித்தனி டெர்மினலில் கிளப்பியதால், டெர்மினல்வாரியாகக் குழு பிரித்து நேரம் பங்கிடும் ஆட்டோகுரூப் இரண்டையும் தனிக்குடித்தனம் வைத்திருந்தது. ஒரே டெர்மினலில் கிளப்பியதும் முக்கால், கால் என்று பிரிந்தது. நைஸ் 0-க்கும் 5-க்கும் ஷெட்யூலர் தரும் எடைகள் 1024, 335 அல்லவா, கணக்கு சரி.

அடுத்து டோக்கன் முறை ஸ்பின்லாக்: முறை வரும்வரை உறங்காமல் சுழன்றபடி காத்திருக்க வைக்கும் பூட்டு. வரிசை எண் வந்தால்தான் உள்ளே. நான்கு திரெட், ஆளுக்குப் பத்தாயிரம் முறை. நான்கு கோரில் கண் இமைப்பதற்குள் முடிந்தது; நான்கு மெய்நிகர் செயலிகளையும் ஒரே கோரில் அடைத்தால் இரண்டு நிமிடத்துக்கும் மேல்! எங்கள் மொட்டைமாடிச் சாவியை வைத்திருப்பவர் ஓசூருக்குப் போய்விட்டால், ஈரத்துணியோடு எல்லோரும் கதவடியில் நிற்பது போலத்தான். டோக்கன் வந்த செயலி ஹோஸ்ட்டில் கோர் கிடைக்காமல் காத்து நிற்கிறது. மற்றவை தமக்குக் கிடைத்த நேரத்தைச் சுற்றியே தீர்க்கின்றன.

இதற்கு இன்டெலில் 'பாஸ் லூப் எக்ஸிட்டிங்' உண்டு. 'சற்று நில்' என்னும் பாஸ் ஆணை அடுத்தடுத்து வந்தால் செயலி ஹோஸ்ட்டிடம் திரும்பிவிடும். கேவிஎம் வேறொரு மெய்நிகர் செயலிக்கு முறை கொடுக்கும். சுழலுக்குள் அந்த ஆணையைச் சேர்த்தேன். அப்படியும் அதே இரண்டு நிமிடம். லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃப் கணக்கில், ஹோஸ்ட்டிடம் திரும்பும் அந்த வகை வெளியேற்றம் ஒன்றுகூட இல்லை. ஒரு ஞாயிறு முழுவதும் என் நிரலையே சந்தேகித்தேன். கடைசியில் இன்டெல் கையேட்டில் ஒரு வரி: கர்னல் நிலையில், அதாவது இயங்குதளத்தின் மையக் கருவுக்குள், ஓடும்போது மட்டுமே இது வேலை செய்யும். நானோ பயனர் நிரலில் எழுதியிருந்தேன்.

அதே பூட்டைக் கர்னலுக்குள் செருகும் நிரலாக, கர்னல் மாட்யூலாக, மாற்றினேன். கர்னலின் சொந்த ஸ்பின்லாக்கைத் தொடவில்லை. கேவிஎம்மின் கீழ் ஓடுவது அதற்குத் தெரியும், அதனால் வெகுநேரம் சுழலாமல் உறங்கிவிடும். இப்போது வெளியேற்றங்கள் கொட்டின, வேலை சில நொடிகளில் முடிந்தது. சந்தேகம் தீர, கெஸ்ட்டை நிறுத்தி, பாஸ் லூப் எக்ஸிட்டிங்கை அணைக்க அதன் பிஎல்இ கேப் மதிப்பைச் சுழியமாக்கி மறுபடி ஓட்டினேன். டீ வாங்கப் போய்த் திரும்பியபோதும் அது சுற்றிக்கொண்டே இருந்தது.