ஒன்பதாவது கால்

ஜூன் 4
பார்சல் வந்துவிட்டது. பழைய பாட்டு செட்டுக்கு இரண்டு வால்வு, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய். ஒன்றின் கண்ணாடியில் 6, அப்புறம் எச். பத்து நாளாக அந்த எச்சைத் தேடி அலைந்தது என் மடத்தனம். ரஷ்ய எழுத்தில் அது என், இரட்டை ட்ரயோடு, ஒரே குழாயில் இரண்டு பெருக்கி. மற்றதில் பந்தக்கால் மாதிரி எழுத்து இரண்டு தடவை. அது பி. முதல் பி ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் பென்டோடு, கடைசி பி விரலளவுக் கண்ணாடி.

ஜூன் 5
மழை. அப்பாவுக்கு இன்றைக்கும் கஞ்சிதான்.

ஜூன் 6
பழைய இஎல்84 வால்வு இருந்த இடத்தில் 6பி14பி, அந்த இரண்டு பி வால்வு. ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. ஹீட்டர், அதாவது உள்ளே சூடாக்கும் இழை, இரண்டுக்கும் 0.76 ஆம்பியர்.
பழைய இரட்டை ட்ரயோடு ஈசிசி83க்குப் பதில் போட்ட 6என்2பி, அந்த எச் வால்வு, எரியவே இல்லை. விரல் வைத்துப் பார்த்தேன், பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடக்கிறது.

ஜூன் 7
தூக்கமில்லை. "83க்கு இதுதான், கண்ண மூடிட்டுப் போடுங்க தம்பி" என்றார் டவுன் ரேடியோ பாஸ். அவரையும் சொல்லிக் குற்றமில்லை. பெருக்கம் அதில் 100, இதில் 97 சொச்சம். ஆனோடு, கிரிட், கேத்தோடு என்று உள்ளே இருக்கும் மற்ற உறுப்புகளுக்கு எல்லாம் அதே கால்கள். சனியன் ஹீட்டரில். 83க்கு 6.3 வோல்ட் கொடுக்க நாலாம் காலையும் ஐந்தாம் காலையும் சேர்த்து ஒரு பக்கம், ஒன்பதை மறுபக்கம் கட்டுவார்கள். என் செட்டும் அப்படித்தான். ரஷ்யக்காரன் ஹீட்டரை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வைத்திருக்கிறான். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் எங்கே எரியும்? ஒன்பது அவனுக்கு வெறும் மறைப்புத் தகடு.
83ஐ விட இது 40 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். பழைய டிரான்ஸ்போமர் தாங்குமா? தாங்கும். தாங்க வேண்டும்.

ஜூன் 8
"செட்டு பாடுதா?" என்றார் அப்பா. பாடுது என்றேன்.

ஜூன் 9
கரண்ட் இல்லை.

ஜூன் 10
நாலு, ஐந்து இணைப்பை வெட்டினேன். ஒன்பதிலிருந்த ஹீட்டர் வயரை ஐந்துக்கு மாற்றி, ஒன்பதை எர்த்தில் சேர்த்தேன். ஈயம் பிடிக்கும்போது கை நடுங்கியது. குளிர் என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டு எண்ணினேன். பதினேழில் உள்ளே செம்புக் கம்பி நிறத்தில் ஒரு கீற்று.
பாட்டுக்குப் பின்னால் இன்னும் ஒரு ஊங்காரம். அப்பாவுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கிறது.

ஜூன் 11
மறுபடியும் எர்த். வயரை நெருக்கி முறுக்கினேன், பாதி குறைந்தது. மீதி

வார்டிலிருந்து போன். மூடி திறந்தே கிடக்கிறது, அணைத்த பிறகும் கண்டென்சரில் 250 வோல்ட் நிற்கும். பிள்ளைகளைக் கிட்ட விடாதே என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு ஐந்தரை பஸ்.